மனை வாங்கி கட்டுனது நான், பேக்கேஜ் வில்லா எடுத்தது மச்சினன்: ரெண்டு வீட்டையும் பாத்துட்டு சொல்றேன்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் நடந்தா காசு அனுப்புற கடை வாசல்ல ஒருத்தர் கண்டிப்பா நோட்டீஸ் திணிப்பாரு. திருச்சில வில்லா, நிலமும் வீடும் சேத்து ஒரே விலை, நீங்க சிங்கப்பூர்ல நிம்மதியா வேலை பாருங்க, சாவிய மட்டும் வந்து வாங்கிக்கிங்கன்னு போட்டிருக்கும். அதை வாங்கி மடிச்சு பையில வச்சுக்கிட்டு வந்தவன்தான் என் மச்சினன். நான் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மனை வாங்கி தனியா ஆள் வச்சு கட்ட ஆரம்பிச்சிருந்தேன். இப்ப ரெண்டு வீடும் முடிஞ்சு ரெண்டு பேரும் பால் காய்ச்சியாச்சு, போன தீபாவளிக்கு ரெண்டு வீட்லயும் மாத்தி மாத்தி தங்கிட்டு வந்தோம், அதனால இத எழுத எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். பில்டர் பேரு, கான்ட்ராக்டர் பேரு எதுவும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

முதல்ல என் கதை. 2021 செப்டம்பர்ல வாங்குனேன், வயலூர் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, டிடிசிபி (கவர்மெண்ட்டோட நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவல் வாங்குன லேஅவுட்ல 1,800 சதுர அடி, அடி 1,450 ரூபா, ஆக 26 லட்சத்து 10 ஆயிரம். அப்ப ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 55 ரூபாதான் கிடைச்சுது, இப்ப இருக்கிற ரேட்டை பாத்தா வயிறு எரியுது. கோவிட் நேரம், ஊருக்கு போக முடியல, நவம்பர் கடைசிலதான் தடுப்பூசி போட்டவங்களுக்கான விடிஎல் ஃப்ளைட்டே சென்னைக்கு விட்டாங்க. அதனால அப்பா பேருக்கு பவர் பத்திரம் எழுதி, கிரேஞ்ச் ரோட்டுல இருக்கிற இந்தியத் தூதரகத்துல போய் கையெழுத்து போட்டு கூரியர்ல அனுப்புனேன். இதுல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது, வெளிநாட்டுல எழுதுன பவர் இந்தியா போய் சேந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரை கட்டணம் கட்டி முடிக்கணும். அப்பா அத பீரோவுல பட்டுப்புடவைக்கு கீழ பத்திரமா வச்சிட்டு நல்ல நாள் பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணாவது மாசம் முடியறதுக்கு 6 நாள் இருக்கும்போதுதான் எனக்கு தெரிஞ்சுது, போன்ல கத்துன கத்துல பக்கத்து ரூம் ஆளு கதவ தட்டிட்டாரு.

விக்கிறவரு ஒரு ஐடியா குடுத்தாரு, கவர்மெண்ட் வச்சிருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மிச்சத்தை கையில குடுத்துடுங்க, உங்களுக்கும் செலவு மிச்சம்னு. நம்ம பணம் பூரா வெளிநாட்டு சம்பளம் போடுற என்ஆர்இ பேங்க் அக்கவுண்ட்லேந்து போகுது, கையில குடுக்க எங்க போறது, அதோட நாளைக்கு விக்கும்போது வாங்குன விலை கம்மியா காட்டியிருந்தா லாபம் பெருசா தெரிஞ்சு வரி கூட வரும். முழு தொகைக்கும் பத்திரம் போட்டேன். அப்ப முத்திரை 7, பதிவு 4, மொத்தம் 11 சதவீதம், 2 லட்சத்து 87 ஆயிரம் அங்கயே போச்சு. 2023ல வழிகாட்டி மதிப்ப ஏத்திட்டு பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமா குறைச்சாங்க, இப்ப மொத்தம் 9.

மனை வாங்கறதுக்கு முன்னாடி வக்கீல் மூலப்பத்திரத்துலேந்து பாத்தாரு, 30 வருஷ வில்லங்கம் போட்டோம், அதுல ஒரு பாகப்பிரிவினையில ஒரு அத்தை கையெழுத்து இல்ல. அந்த அத்தை மணப்பாறையில இருக்காங்க, அவங்கள கூட்டிட்டு வந்து பங்கை விட்டுக்குடுத்ததா விடுதலைப் பத்திரம் வாங்குன பிறகுதான் டோக்கன் அட்வான்ஸே குடுத்தோம். இந்த வேலை எல்லாம் பேக்கேஜ்ல பில்டர் பாத்துக்குவாருன்னு சொல்றாங்க. பாத்துக்குவாரு, ஆனா அவரோட வக்கீல் அவருக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்ல. மச்சினனுக்கு குடுத்த லீகல் ஒப்பீனியன் நாலு பக்கம், அழகா ஸ்பைரல் பைண்டிங் போட்டு. என் வக்கீல் குடுத்தது பேனால எழுதுன ஒன்றரை பக்கம், அந்த அத்தை அதுலதான் மாட்டுனாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், விக்கிறவரும் நம்மள மாதிரி வெளிநாட்டுல இருக்கிறவரா இருந்தா உஷார். உள்ளூர்க்காரர்கிட்ட வாங்குனா 50 லட்சம் வந்தாத்தான் விலையிலேந்து 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரி, பிடிக்கணும், என்ஆர்ஐகிட்ட வாங்குனா அந்த 50 லட்சம் வரம்பே கிடையாது, விகிதமும் ரொம்ப கூட. பிடிக்காம விட்டா வரித்துறை வாங்குனவன் கிட்டதான் வந்து நிக்கும். வயலும் தோப்பும் ஆசைப்படாதீங்க, என்ஆர்ஐ, ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளி) ரெண்டு பேருமே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வீட்டு மனைதான்.

கட்டுறது 2022 பிப்ரவரில ஆரம்பிச்சோம். 1,650 சதுர அடி, கீழயும் மேலயும் சேத்து, அடி 2,050, மெட்டீரியலோட. 33 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். அக்ரிமெண்ட்ல சிமெண்ட் பிராண்டு, கம்பி பிராண்டு, டைல்ஸ் அடிக்கு 55 ரூபா வரை, நிலைக்கதவு தேக்கு, மத்த கதவு ஃப்ளஷ் டோர், எம்சாண்ட் கட்டுக்கு, பிசாண்ட் பூச்சுக்கு, எல்லாம் எழுதியிருந்துச்சு. எழுதாம விட்டது என்னன்னு கேளுங்க. செப்டிக் டேங்க், தண்ணி சம்ப், போர்வெல், காம்பவுண்ட் சுவர், கேட், இபி கனெக்‌ஷன், மாடிப்படிக்கு கைப்பிடி. கைப்பிடி இல்லாம படி எப்படிய்யா கட்டுவீங்கன்னு கேட்டா, "சார் அது அடிக்கணக்குல வராது"ன்னாரு. அதோட உக்ரைன் சண்டை வந்து மார்ச்சுல கம்பி விலை எகிறுச்சு, அடிக்கு 110 ரூபா கூட கேட்டாரு, குடுத்தேன். மே மாசம் கவர்மெண்ட் ஸ்டீல் ஏற்றுமதிக்கு வரி போட்டதும் விலை இறங்குச்சு. அப்ப நான் அந்த 110 பத்தி பேச்செடுத்தேன், மனுஷன் சிரிச்சாரு பாருங்க, வீடியோ காலிலயே பல்லு எண்ணலாம். கணக்குல வராததெல்லாம் சேந்து 6 லட்சத்து 90 ஆயிரம். நிலம், பத்திரம், வீடு எல்லாம் சேத்து சுமார் 70 லட்சம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அந்த 70 லட்சத்துல ஒரு பெரிய செலவு சேரவே இல்ல, அது எங்கப்பா. வயசு 67. டிவிஎஸ் எக்ஸ்எல்ல போக வர 22 கிலோமீட்டர், தினமும், 11 மாசம். காலையில 7 மணிக்கு போயி கொத்தனார் வர்றதுக்கு முன்னாடி நிப்பாரு, சாயங்காலம் தண்ணி ஊத்திட்டு தான் வருவாரு. தூணுக்கு சாக்கு சுத்தி நனைக்கிறது, தளத்துல பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறது, எல்லாம் அவருதான். கான்ட்ராக்டர் ஆள் ஊத்துவான்னு அக்ரிமெண்ட்ல இருக்கு, யாரும் ஊத்த மாட்டாங்க, கட்டுனவங்களுக்கு தெரியும்.

கீழ்தளம் காங்கிரீட் போட்ட நாள் ஜூன் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் துவாஸ்ல வேலையில இருக்கேன், பத்து மணி டீ பிரேக்ல வீடியோ போட்டா அப்பா சட்டைப்பையில கை விட்டுக்கிட்டே இருக்காரு. என்னப்பா சில்லறை தேடுறீங்களான்னேன். புளியங்கொட்டைடா ன்னாரு. இடது பைல நிறைய கொட்டை, ஒவ்வொரு சிமெண்ட் மூட்டை பிரிச்சு மிஷின்ல கொட்டும்போதும் ஒரு கொட்டைய எடுத்து வலது பைல போடுறாரு. எஞ்சினியர் தம்பி மொத்தம் 95 மூட்டை வரும்னு சொல்லியிருந்தாரு. தளம் சரியா பாதி போட்டு முடிச்சப்ப வலது பைல 38 கொட்டைதான் இருந்துச்சு. பாதிக்கு 47, 48 வந்திருக்கணும். மிஷின நிறுத்துன்னுட்டாரு. நம்ம அப்பா சத்தம் போட்டு பேசுற ஆளே கிடையாது, ரிட்டையர் ஆகுற வரைக்கும் கோஆப்பரேடிவ் சொசைட்டில கணக்கு எழுதுனவரு. மேஸ்திரி வந்து ஐயா ஜல்லி கொஞ்சம் கூட விழுந்துருச்சு போல, பசங்க கவனிக்கல ன்னு இழுத்தாரு. தண்ணியும் அப்படித்தான், ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சிப் போனா 27, ஆனா பையன் கலவை இழுக்க ஈசியா இருக்கட்டும்னு பக்கெட் பக்கெட்டா ஊத்திக்கிட்டு இருக்கான். அப்புறம் எஞ்சினியர வரவச்சு, அளவுப்பெட்டி வச்சு, மிச்ச பாதிய ஒழுங்கா போட்டாங்க. நாலு மணிக்கு மழை வேற, தார்ப்பாய் தேடி ஓடுனது தனி கதை. அந்த முதல் பாதி, அதாவது ஹால் பக்கம், அதுக்கு என்ன ஆகும்னு எனக்கு இன்னும் உள்ளுக்குள்ள ஒரு உதறல் இருக்கு. 28 நாள் கழிச்சு சுத்தியல் மாதிரி ஒரு மிஷின் வச்சு டெஸ்ட் பண்ணோம், பாஸ்னாங்க. சரி.

செப்டம்பர்ல அப்பாவுக்கு காய்ச்சல், 9 நாள் படுத்துட்டாரு. 9 நாள்தான். அந்த 9 நாள்ல வீட்டுக்கு பின்பக்க சுவர் பூச்சு முடிச்சிருக்காங்க, மேக்கு பாத்த சுவர், நல்ல வெயில், ஒரு சொட்டு தண்ணி ஊத்தல. இப்ப அந்த சுவர் பூரா மீன் வலை மாதிரி மெல்லிசா விரிசல். மத்த மூணு சுவரும் சும்மா கண்ணாடி. திருச்சிக்கு வந்தா காட்டுறேன், எந்தெந்த நாள் அப்பா சைட்டுக்கு போகலன்னு சுவத்த பாத்தே சொல்லிடலாம்.

சரி, மச்சினன் கதை. 2022 ஆகஸ்ட்ல சிங்கப்பூர்லயே ஒரு ஹோட்டல் ஹால்ல கண்காட்சி, ஃபேரர் பார்க் பக்கம்தான், நானும் கூட போனேன், பிரியாணி நல்லா இருந்துச்சு. உள்ள வீட்டோட மாடல கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாங்க, குட்டி குட்டி மரம், குட்டி காரு, லைட் எரியுது. 1,200 சதுர அடி மனை, 1,500 சதுர அடி வில்லா, 78 லட்சம், அன்னைக்கே புக் பண்ணா ஒரு தங்கக்காசு. நான் கைய புடிச்சு இழுத்தேன், "மாப்ள, நிலத்தை கழிச்சு பாரு, அந்த ஏரியால மனை அடி 1,800, அப்ப நிலம் 21 லட்சத்து 60 ஆயிரம், மிச்சம் 56 லட்சத்து 40 ஆயிரம் வீட்டுக்கு, அடிக்கு 3,760 விழுது, நம்ம ஆளு 2,200க்கு கட்டுவான்"னு. அவன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "மாமா, உங்களுக்கு உங்கப்பா இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?" மாமனாரு தவறி நாலு வருஷம் ஆச்சு, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். நான் வாய மூடிக்கிட்டேன்.

இந்த கழித்தல் கணக்க யாரு பேக்கேஜ் காட்டுனாலும் போட்டு பாருங்க. கூட வர்ற அடிக்கு 1,500 ரூபால ரோடு, பார்க்கு, காம்பவுண்ட், செக்யூரிட்டி ரூம், பில்டர் லாபம், நீங்க சாப்பிட்ட பிரியாணி, தங்கக்காசு எல்லாம் இருக்கு. அது மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 3 லட்சத்து 90 ஆயிரம். காலி மனைக்கு ஜிஎஸ்டி இல்ல, முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்குன வீட்ட வாங்குனாலும் இல்ல, கட்டிக்கிட்டு இருக்கிற வீட்ட புக் பண்றவனுக்குத்தான். அதுக்கும் மேல கிளப் ஹவுஸ், பராமரிப்புக்கு சேத்து வைக்கிற கார்பஸ் ஃபண்டு, இபி டெபாசிட்னு 3 லட்சத்து 50 ஆயிரம். பத்திரச் செலவு தனி.

அந்த 1,500 அடியும் சும்மா இல்ல. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டப்படி கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர விட்டுட்டு உள்ள கால் வைக்கிற இடத்தோட அளவ எழுத்துல குடுக்கணும். நோட்டீஸ்ல 1,500, அக்ரிமெண்ட்ல பொடி எழுத்துல 1,130. அவன் வீட்டு மாஸ்டர் பெட்ரூம்ல கட்டில் போட்டு பீரோ வச்சா நடுவுல ஒருக்களிச்சுதான் நடக்கணும். மாடல் வீட்டுல கட்டிலே சின்னதா பண்ணி போட்டிருந்தாங்கன்னு எனக்கு இப்பவும் சந்தேகம்.

அவன் பண்ண உருப்படியான காரியம், தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல நம்பர் போட்டு பாத்தது. 500 சதுர மீட்டருக்கு மேல நிலம், இல்ல 8 வீட்டுக்கு மேல இருந்தா ரெரால பதியணும், வாங்குறவங்க பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுண்ட்ல இருக்கணும், கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும்தான் எடுக்கணும். அக்ரிமெண்ட் ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா இவன்கிட்ட ஆஃபர்னு சொல்லி 20 சதவீதம் வாங்கிட்டாங்க, இவனும் குடுத்துட்டான், அப்புறம் நான் சொன்ன பிறகு முழிக்கிறான். மெல்போர்ன்ல இருக்கிற என் கிளாஸ்மேட் இதே மாதிரி நிலமும் வீடும் சேத்து எடுத்தான், விக்டோரியால பெரிய கான்ட்ராக்ட்டுக்கு பில்டர் 5 சதவீதத்துக்கு மேல டெபாசிட் வாங்க முடியாதாம். நம்ம ஊர்ல சட்டம் இருக்கு, கேக்குற ஆளுதான் இல்ல.

18 மாசம்னாங்க, கிரேஸ் பீரியட் 6 மாசம்னாங்க, 29 மாசம் ஆச்சு. 2025 ஜனவரிலதான் சாவி. லேட்டுக்கு ரெரால வட்டி கேக்கலாம், எஸ்பிஐ வட்டி விகிதத்துக்கு மேல 2 சதவீதம் சேத்து வரும். கேளுடான்னேன். "சாவி குடுக்கட்டும் மாமா, அப்புறம் கேக்குறேன்"னான், சாவி குடுக்கும்போது எந்த பாக்கியும் இல்லன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்த மாசம் மாமியாருக்கு கிரகப்பிரவேசம் நடந்தா போதும்னு இருந்துச்சு, அவனும் படிக்காம போட்டுட்டான்.

வீடு எப்படி இருக்குன்னா, உண்மைய சொல்றேன், பூச்சு, பட்டி, பெயிண்ட் எல்லாம் என் வீட்ட விட நல்லா இருக்கு. டைல்ஸ் லெவல் அருமை, கோலிகுண்டு வச்சா நிக்குது, எங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி மூலையில தேங்கும். ஆனா மாமியாருக்கு அந்த வீடு புடிக்கல. சமையல்கட்டுலேந்து பின்னாடி போக கதவு இல்ல. ஒரு கதவு வச்சு குடுங்கன்னு கட்டும்போதே கேட்டான், எல்லா வீடும் ஒரே டிசைன், உங்களுக்கு மட்டும் மாத்த முடியாதுன்னுட்டாங்க. துவைக்கிற கல்லு போட இடமில்ல. மிளகாய் காய வைக்க மொட்டமாடிக்கு ஏறணும், முழங்கால் ஆபரேஷன் பண்ணவங்க எங்க ஏற. பூஜை ரூம்னு குடுத்தது டிவி சுவத்துக்கு பக்கத்துல ஒரு மாடம். முருங்க மரம் வைக்கலாமான்னு கேட்டதுக்கு அசோசியேஷன்ல லெட்டர் குடுக்கணும்னாங்களாம். மாமியாரு சொன்னாங்க, "மாப்ள, ஹோட்டல்ல தங்குற மாதிரியே இருக்கு, எப்ப ரூம காலி பண்ணச் சொல்லுவானோன்னு." பட்டாவும் இன்னும் தனியா வரல, சப்டிவிஷன் ஆகணும், சர்வேயர் வரணும்னு இழுத்துக்கிட்டே இருக்காங்க. சாவி வாங்குனதோட நிக்காம தனிப்பட்டா கைக்கு வர்ற வரைக்கும் விடாதீங்க, எந்த பேக்கேஜா இருந்தாலும் சரி.

ஆனா போன வருஷ மழையில அவன் வீட்டு மாடில ஓதம் இறங்குச்சு. இங்க யீஷூன் கோப்பிக்கடைல உக்காந்துக்கிட்டே ஒரு ஈமெயில் போட்டான், 12 நாள்ல ஆள் வந்து வாட்டர் ப்ரூஃபிங் பண்ணிட்டு போட்டோ அனுப்புனாங்க. ரெரால 5 வருஷத்துக்கு கட்டடக் கோளாறு பில்டர் பொறுப்பு, அது அவங்களுக்கும் தெரியும், அடுத்த ப்ராஜெக்ட் விக்கணுமே. எனக்கு? என் கான்ட்ராக்டர் இப்ப போனே எடுக்குறதில்ல. கடைசி தவணைல ஒரு 5 சதவீதம் நிறுத்தி வச்சு ஒரு மழைக்காலம் போன பிறகு குடுத்திருக்கணும், நான் தை மாசம் பால் காய்ச்சுற சந்தோஷத்துல பூராவும் செட்டில் பண்ணிட்டு வேட்டி சட்டை வேற எடுத்து குடுத்தேன்.

சிங்கப்பூர்ல இருக்கிற நம்மாளுங்களுக்கு பேக்கேஜ் ஏன் சட்டுனு புடிக்குதுன்னு யோசிச்சு பாத்தா, இங்க நாம பாக்குற வீடெல்லாம் அப்படித்தானே. கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு தெங்கால பிடிஓ, அதாவது முன்பதிவு பண்ணா கட்டிக் குடுக்குற வீவக வீடு, கிடைச்சுது, பிளான பாத்து தேர்வு பண்ணாரு, காத்திருந்தாரு, சாவி வாங்குனாரு, கதவு சரியா மூடலன்னு எழுதி குடுத்தாரு, வந்து சரி பண்ணாங்க, ஒரு வருஷத்துக்கு அந்த பொறுப்பு இருக்கு. பின்னாடி வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், இருக்கு, அதுக்கு பின்னாடி கவர்மெண்ட் இருக்கு. அதே நம்பிக்கைய தூக்கிக்கிட்டு போய் ஹோட்டல் ஹால்ல கண்ணாடிப் பெட்டி முன்னாடி நிக்கிறோம். அங்க பின்னாடி யாரு இருக்கான்னு பாக்குறதில்ல. இங்க மனை வாங்கி கட்டிப் பாக்குற அனுபவமே நமக்கு கிடையாது, நிலத்தோட சேந்த தரைவீடுன்னா பிஆர் (நிரந்தரவாசி) கூட தனியா அனுமதி வாங்கணும், வாங்குற விலையிலயா இருக்கு அது.

வீவகன்னதும் ஞாபகம் வருது, இது ரெண்டு தரப்புக்காரனும் சொல்லாத விஷயம். எனக்கு 2024ல பிஆர் கிடைச்சுது. நானும் மனைவியும் பிஆர், மூணு வருஷம் போனா வீவக ரீசேல் வீடு வாங்கலாம்னு கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். விதிய படிச்சா, வெளிநாட்டுல இருக்கிற வீடும் வீவகவுக்கு வீடுதான், இங்க வாங்கணும்னா அத வித்தாகணும். பிடிஓ போடுற சிட்டிசனுக்கு இன்னும் கெடுபிடி, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி 30 மாசம் சொந்த வீடு எங்கயும் இருந்திருக்கக் கூடாது, வெளிநாடும் சேத்துதான். எங்கப்பா புளியங்கொட்டை எண்ணி கட்டுன வீட்ட நான் விக்கணுமா? இப்ப அத என்ன பண்றதுன்னு வீட்ல தினம் ஒரு பேச்சு. நீங்க ஊர்ல எதுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியும், பேக்கேஜோ மனையோ, யாரு பேர்ல வாங்கப் போறோம், இங்க அடுத்து என்ன வாங்கப் போறோம்னு மொதல்ல முடிவு பண்ணிக்கிங்க.

இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு தனியா கட்டுறதுல ஒரு அலைச்சல் குறைஞ்சிருக்கு. எனக்கு பிளான் அப்ரூவலுக்கு மட்டும் 11 வாரம் ஆச்சு. 2024 ஜூலைலேந்து 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா சுயசான்று முறைல ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கிக்கலாம். சிமெண்ட் ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர்ல 28லேந்து 18 ஆச்சு. ஆனா பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு அந்த பக்கம் மனை விலை கேட்டா தலை சுத்துது, ரெண்டும் சரியா போச்சு.

மார்க் போடச் சொன்னா, வீடா எனக்கு என் வீடு 5க்கு 4, கட்டுன அனுபவம் 5க்கு 2. மச்சினன் பேக்கேஜுக்கு வீடு 3, சேவை சாவிக்கு முன்னாடி 1, சாவிக்கு அப்புறம் 4. எங்கப்பா வயசுல ஒருத்தர் சைட்ல நிக்க முடியும், நிக்க ஆசையும் படுறாருன்னா மனை வாங்கி கட்டுங்க, 10 லட்சத்துக்கு மேல மிச்சம், பின்பக்கம் கதவும் கிடைக்கும். சம்பளத்துக்கு சூப்பர்வைசர் போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க, நானும் யோசிச்சேன், அந்த சூப்பர்வைசர யாரு பாத்துக்குறது?

போன வாரம் எங்க ரூம்ல இருக்கிற புதுக்கோட்டை தம்பி அதே மாதிரி ஒரு நோட்டீஸ கொண்டு வந்து காட்டுனான். "அண்ணே, எடுக்கலாமா?" ஊர்ல யாருடா இருக்கான்னேன். அம்மா மட்டும்தான்னான், அக்காவ கோயம்புத்தூர்ல குடுத்திருக்கு. அப்ப எடு, ஆனா கண்காட்சில டோக்கன் குடுக்காத, ரெரா நம்பர வாங்கிக்க, கார்பெட் ஏரியா எவ்வளவுன்னு எழுதி வாங்கு, நம்ம வக்கீல்கிட்ட காட்டு, அந்த பில்டர் முன்னாடி முடிச்ச வீடு ஒண்ணுல போயி குடியிருக்கிறவங்க கிட்ட பட்டா வந்துச்சான்னு கேளுன்னேன். எல்லாத்தையும் போன்ல டைப் பண்ணிக்கிட்டான். கடைசியா, அம்மாவ கூட்டிட்டு போயி அந்த சமையல்கட்டுல அஞ்சு நிமிஷம் நிக்க விடுன்னு சொன்னேன், அத டைப் பண்ணாம என்னை நிமிந்து பாத்தான். அடுத்த மாசம் 14ஆம் தேதி திருச்சி டிக்கெட் போட்டிருக்கான்.